ரஞ்சிதத்தின் கதவு

வீடு இல்லாத ரஞ்சிதத்திடம் ஒரு கதவு இருந்தது. காவலூரில் அவளைத் தெரியாதவர்களுக்குக்கூட அந்தக் கதவைத் தெரியும். செங்கத்தில் அவள் அப்பன் செத்த பிறகு அண்ணன்மார் வீட்டை விற்றுப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தங்கச்சிக்கு என்ன வேண்டும் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார்கள். பேச்சுக்குக் கேட்டதை அவள் மெய்யாக எடுத்துக்கொண்டு வாசல் கதவு வேண்டும் என்றாள். வீட்டை வாங்கியவன் இடித்துக் கடை கட்டப் போகிறவன். ஒரு கதவு போனால் அவனுக்கென்ன, கழற்றிக்கொள் என்றுவிட்டான். தேக்குக் கதவு. நெற்றியில் ஒரு தாமரைப்பூ செதுக்கல், நடுவில் பித்தளை வளையம். பஸ்ஸின் கூரைமேல் போட்டு மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்தாள்.

வந்த நாளிலிருந்து அது கட்டிலாகக் கிடந்தது. அவர்கள் வாடகைக்கு இருந்த அறையில் மழைக்காலம் வந்தால் தரை ஓதம் அடிக்கும். மகள் பாஞ்சாலிக்கு ஐந்து வயது, இளைப்பு உண்டு. தரையில் படுத்தால் விடியும்வரை நெஞ்சு விசில் அடிக்கும். அதனால் செங்கல் அடுக்கி, அதன்மேல் கதவைப் போட்டு, பிள்ளையைப் படுக்க வைப்பார்கள். ரஞ்சிதத்தின் நாத்தனார் ரத்தினம்மாள், புருஷன் போனபின் ஒரு கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு தம்பியிடம் வந்து சேர்ந்தவள், வாய் சும்மா இருக்காதவள், விளக்கை ஊதியதும் ஒவ்வொரு நாளும் சொல்வாள்: "ஏ ரஞ்சிதம், கதவ சாத்துடி, காத்து வருது." படுத்தபடியே பெரியவர்கள் மூன்று பேரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு வாடகை கிடையாது.

அது எண்பதுகளின் தொடக்கம். காவலூரில் நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்காக ஒரு பெரிய தொலைநோக்கி வரப்போகிறது என்று உருண்டைக் கூரைக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ரஞ்சிதத்தின் புருஷன் வடிவேலு அங்கே கொத்தனார். வானத்தில் இருக்கிற நட்சத்திரத்துக்கு மலையில் மாளிகை கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைக் கட்டுகிறவன் தலையைச் சாய்க்க ஒரு தட்டிவீடு கிடைக்கவில்லை. வேலைக்கு ஆள் வந்துகொண்டே இருந்தான். கம்பி கட்டுகிறவன், ஜல்லி உடைக்கிறவன், லாரிக்காரன், ஓவர்சீயர், அவன் மாமியார். அத்தனை பேரும் காவலூரில் இருந்த கொஞ்ச வீடுகளில்தான் நுழைய வேண்டும். முன்பெல்லாம் வீட்டுக்காரன் ஆளைத் தேடுவான். இப்போது அவன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான்.

அவர்கள் இருந்த லைன் வீடு ஆதிநாராயணனுடையது. கீழே மளிகைக்கடை வைத்திருந்தவர், வேலை வருகிறது என்று மோப்பம் பிடித்து முன்கூட்டியே மலைக்கு வந்து வரிசையாக அறை கட்டிவிட்டவர். புரட்டாசி கடைசியில் ஒருநாள் காலையில் குடையை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார்.

"வடிவேலு, ஞாயித்துக்கெழமைக்குள்ள ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடு."

"இன்னாண்ணா திடுதிப்புனு? வாடகை எந்த மாசமாவது நின்னுதா?"

"நின்னுதுன்னு நான் சொன்னனா? கம்பி கட்ற ஆளுங்க நீ குடுக்கறதுக்கு மூணு பங்கு குடுக்கறானுங்க. சமைக்கக்கூட மாட்டானுங்களாம். சும்மா படுத்து எழுந்து போவானுங்களாம்."

ரஞ்சிதம் மாவுக் கையோடு வெளியே வந்தாள். "நாங்களும் கொஞ்சம் ஏத்திக் குடுக்கறோம்ணா. கொழந்தைக்கு மழையில ஆகாது. தை மாசம் வரிக்கும் வுடுங்க."

"நீ எவ்ளோம்மா ஏத்துவ? நீ ஏணி வெச்சி ஏறுனா அவன் சாரம் கட்டி ஏர்றான்." ஆதிநாராயணன் குடையை விரித்துக்கொண்டார். மழை அப்போது பெய்யவில்லை. முகத்தைப் பார்க்காமல் போவதற்கு அவருக்கு அது உதவியது.

அதற்குப் பிறகு ரஞ்சிதம் வீடு தேடி அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அவள் ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு, வடிவேலுவைச் சாரத்திலிருந்து இறக்கி அழைத்து வருவதற்குள் அந்த இடம் போய்விடும். மாட்டுக்கொட்டாய்க்கு மண் பூசி வாடகைக்கு விட்டிருந்தார்கள். பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஓட்டுவீடு ஒன்று விலைக்கு வந்தது. ரத்தினம்மாள் யோசிக்கவே இல்லை, தன் கறவை மாட்டை விற்றுவிட்டு வந்தாள். ரஞ்சிதத்தின் கம்மலும் போயிற்று. பணத்தை மடியில் கட்டிக்கொண்டு மூவரும் போனால் அங்கே ஏற்கெனவே வேறு இரண்டு கூட்டம் நின்றுகொண்டிருந்தது. விற்கிறவன் மாந்தோப்பு ஏலம் விடுகிறவன் மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். வடிவேலு ஒன்று சொன்னான். இன்னொருவன் அதற்கு மேலே சொன்னான். கடைசியில் திருப்பத்தூர் லட்சுமணன், ஆட்களை வைத்து ஜல்லியும் மணலும் இறக்குகிற காண்ட்ராக்டர், பீடியை வாயிலிருந்து எடுக்காமலே ஒரு தொகை சொன்னான். அதோடு பேச்சு முடிந்தது.

"உனக்கு இன்னாத்துக்குடா இத்தினி வூடு? இது நாலாவது," என்று ரத்தினம்மாள் அவனைக் கேட்டேவிட்டாள்.

"ஆளுங்கள எங்க படுக்க வெக்கறது? உன் தலையிலயா?" என்றான் லட்சுமணன்.

மடியில் பணத்தோடு மூவரும் திரும்பி வந்தார்கள். மாடு இல்லை, கம்மல் இல்லை, வீடும் இல்லை. அன்று ரஞ்சிதம் ராகிக் களி கிண்டி, காராமணிக் குழம்பு வைத்தாள். யாருக்கும் இறங்கவில்லை. பாஞ்சாலி மட்டும் கதவின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இந்த நேரத்தில்தான் வேடியப்பன் வந்தார். காவலூருக்கு மேலே எலந்தம்பட்டு என்று மலைக்காரர்களின் சிற்றூர். அங்கே சாமையும் புளியும் வைத்திருந்த பெரியவர். புளிக்கூடையைச் சுமந்துகொண்டு லைன் வீட்டுக்கு வருவார். ரஞ்சிதம் எடை பார்க்காமல் வாங்குவாள் என்று அவளிடம் முதலில் வருவார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடையை இறக்கினார்.

"இன்னாம்மா, அழுதுகினு கீற?"

விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "நாங்க உள்மலைக்குப் போறோம். ரோட்டுக்கு வெடி வெக்கிறானுங்க. ஆடு குட்டி போடாம நிக்குது. கோழி முட்டையை வுட்டுட்டு ஓடுது. என் சின்ன மாமன் ஊருல கொல்லை கீது, அங்க போய்டலாம்னு. எங்களுத நீங்க எடுத்துக்கிறீங்களா?"

அன்று மாலையே மூவரும் ஏறிப் போய்ப் பார்த்தார்கள். வேடியப்பனின் வீடு மூங்கில் தட்டிக்கு மண் பூசி, புல் வேய்ந்த வீடு. உள்ளே குளிர் தெரியவில்லை. நடுவில் வேங்கைத் தூண் ஒன்று, எண்ணெயும் புகையும் ஏறி, கையை வைத்தால் வழுக்கிற்று. பரண் இருந்தது. மூலையில் மண்ணால் பிடித்த அடுப்பு. வேடியப்பனின் சம்சாரம் சாமைச் சோறும் கொள்ளு ரசமும் போட்டாள். ரஞ்சிதம் சாப்பிட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், வாசலை அண்ணாந்து பார்த்தாள். வாசலுக்குத் தட்டிதான் இருந்தது. தன் கதவை அங்கே மனசுக்குள் மாட்டிப் பார்த்தாள். அளவு சரியாக இருக்கும் என்று தோன்றியது. அழுகை வந்துவிட்டது.

"பட்டா கிட்டா எதனா?" என்றான் வடிவேலு.

"அதெல்லாம் கீழ்நாட்டு சமாச்சாரம் மேஸ்திரி. இங்க ஊருதான் பட்டா. நான் குடுத்தேன்னு ஊர்க்கவுண்டர்கிட்ட சொல்லிடறேன். எடத்தை சுத்தமா வுட்டுத் தர்றேன். குடிவர்ற அன்னிக்கு அடுப்பு மூட்டுங்க. மீதிய அவரு பாத்துக்குவாரு."

விலை பேசினார்கள். வடிவேலுவுக்கு நம்ப முடியவில்லை. ஓட்டுவீட்டுக்குக் கேட்டதில் பாதிகூட இல்லை. மடியை அவிழ்த்து அங்கேயே கொடுத்தான். வேடியப்பன் பூ, வெற்றிலை, ஒரு கைப்பிடி சாமை வைத்துக் கொடுத்தார்.

இறங்கி வருகிற வழியில் வடிவேலு துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தான். "மலைக்காரன் வெவரம் இல்லாதவன்க்கா. லட்சுமணனுக்குத் தெரிஞ்சிருந்தா இந்த விலைக்கு நாலு பங்கு குடுத்திருப்பான்."

அங்கே மேலே வேடியப்பனும் சம்சாரத்திடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார், கீழ்நாட்டான் விவரம் இல்லாதவன், இத்தனை பணம் கொடுக்கிறானே என்று. இரண்டு பக்கமும் அன்று நிம்மதியாகத் தூங்கினார்கள்.

குடிபோகிற ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மேகம் மலைமேல் உட்கார்ந்திருந்தது. ஐப்பசி பிறந்துவிட்டது. ஆதிநாராயணனின் கம்பி கட்டும் ஆட்கள் தலையணையோடு வந்து வாசலில் நின்றார்கள். இவர்கள் கடைசிப் பானையை எடுப்பதற்குள் முதல் ஆள் உள்ளே பாய் விரித்துவிட்டான். வாடகை மாட்டுவண்டியில் பானை, சட்டி, வடிவேலுவின் கரணை, கடப்பாரை, மட்டப்பலகை, விறகுக் கட்டு, எல்லாவற்றுக்கும் மேலே கதவு. கதவு நனையக் கூடாது என்று சிமெண்ட் சாக்கின் பிளாஸ்டிக் உறைகளைத் தைத்து ஒரு விரிப்புச் செய்து மூடியிருந்தாள். பாஞ்சாலி அந்த விரிப்புக்குள் ஒண்டிக்கொண்டு வந்தாள்.

வண்டி எலந்தம்பட்டுக் கடைசித் திருப்பத்தில் நின்றது. வடிவேலு இறங்கி நடந்து போனான். போனவன் நின்றுவிட்டான்.

வீடு இல்லை.

வீடு இருந்த இடம் இருந்தது. கூட்டி, சாணம் போட்டு மெழுகி, ஓரத்தில் கோலம்கூடப் போட்டிருந்தார்கள். தூண் நின்ற இடங்களில் குழி. கூரை இல்லை, தட்டி இல்லை, பரண் இல்லை. ஒரு மூலையில் மண்ணடுப்பு மட்டும், புதிதாய்ச் செம்மண் பூசி, வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தது.

ரஞ்சிதம் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. ரத்தினம்மாள்தான் ஓடினாள். "அடப்பாவி, வூடு எங்கடா? வூட்டையே திருடிக்கினு போய்ட்டானாடா!"

புளியமரத்தடியிலிருந்து வேடியப்பன் சிரித்துக்கொண்டு வந்தார். உள்மலையிலிருந்து இவர்களை வரவேற்பதற்காகவே நடந்து வந்திருந்தார். "வாங்க, வாங்க. சுத்தமா வுட்டுத் தர்றேன்னு சொன்னனே. பாத்துக்குங்க, ஒரு துரும்பு இல்லாம எடுத்துட்டோம்."

"யோவ், வூடு எங்கய்யா?" வடிவேலு அவர் வேட்டியைப் பிடித்துவிட்டான்.

வேடியப்பனுக்குப் புரியவில்லை. "வூடா? வூட்டை எடுத்துக்கினு போனோம் மேஸ்திரி. பங்காளிங்க எல்லாம் வந்து கெடா வெட்டி, தூணைப் புடுங்கி, தோள்ல போட்டுக்கினு போனோம். அது எங்க தாத்தன் நட்ட தூணு. அத்த எப்படி வுட்டுட்டுப் போறது?"

"அப்ப நான் காசு குடுத்தது இன்னாத்துக்கு?"

"மண்ணுக்கு. அடுப்புக்கு." வேடியப்பன் கையைக் காட்டினார். "நீ உன் வூட்டைக் கொண்டாந்து நட்டுக்குவன்னுதான் நெனச்சேன். எங்க வூட்டுல நீ எப்படி இருப்ப? எங்க ஊருல யாரும் அப்படிக் குடுக்கவும் மாட்டாங்க, எடுக்கவும் மாட்டாங்க. கதவைத் தூக்கிக்கினு அலையற பொம்பளை, வூடும் எங்கியோ வெச்சிருப்பான்னு..." சொல்லிக்கொண்டே வந்தவர் வண்டியைப் பார்த்தார். பானை, சட்டி, ஒரு கதவு. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, தெரியாம போச்சே தாயி. காசைத் திருப்பிக் குடுத்துடறேன். ஒரு மாட்டுக்கு முன்பணம் குடுத்தேன், அத்தக்கூட வாங்கியாறேன்."

"தூணைத் திருப்பிக் கொண்டாந்து நடுய்யா!" என்று கத்தினான் வடிவேலு.

"புடுங்குன குழியில திருப்பி நட்டா குலம் வெளங்காது மேஸ்திரி. என்னை அடிச்சாலும் அது முடியாது."

வடிவேலு பெண்டாட்டி பக்கம் திரும்பினான். யார்மேல் காட்டுவது என்று தெரியாத கோபம் எப்போதும் அந்தப் பக்கம்தானே திரும்பும். "அண்ணாந்து அண்ணாந்து பாத்தியே, வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டியாடி?"

"நீங்க கேட்டீங்களா? ஏமாளின்னு சிரிச்சிக்கினே வந்தீங்களே," என்றாள் ரஞ்சிதம்.

தூறல் ஆரம்பித்தது. அப்போது லட்சுமணன் வந்தான். அவனுக்கு மூக்கு நீளம். பின்னால் சவுக்குக் கழியும் ஓலையும் தூக்கிக்கொண்டு ஆட்கள். புளியமரத்தடியில் கழிகளைச் சாய்த்துவிட்டு, கோலத்தை மிதிக்காமல் சுற்றி வந்து நின்றான்.

"மேஸ்திரி, நடந்தது நடந்துபோச்சு. இந்த மண்ணை எனக்குக் குடுத்துடு. நீ குடுத்ததுக்கு ரெட்டிப்பு, இப்பவே. குடுக்கலன்னாலும் சரி. அடுப்பு அணைஞ்சி கெடந்தா ஊர்க்கவுண்டரு மண்ணைத் திருப்பி எடுத்துக்குவாரு. நான் அவரண்ட வாங்கிக்கிறேன்."

"அது இன்னா?" என்று ரத்தினம்மாள் வேடியப்பனைப் பார்த்தாள்.

வேடியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். புதிதாய் வருகிறவர்கள் வந்த அன்றே அடுப்பு மூட்ட வேண்டும். மாடு திரும்புகிற நேரத்துக்கு ஊர்க்கவுண்டர் அர்ச்சுனன் வருவார். அந்த அடுப்பிலிருந்து ஒரு கங்கு எடுத்துப் போய் அம்மன் விளக்கை ஏற்றுவார். ஏற்றிவிட்டால் அது ஒரு வீடு. இடி விழுந்தாலும் யாரும் அசைக்க முடியாது. அவர் வரும்போது கங்கு இல்லை என்றால் மண் ஊருக்குப் போய்விடும். "வூடு இல்லன்னாலும் பரவால்ல. எங்க கணக்குல அடுப்பு எரிஞ்சா வூடுதான். நாளைக்கு விடிஞ்சா நானே மூங்கில் வெட்டித் தர்றேன், பங்காளிங்கள இட்டாந்து புல்லு வேஞ்சி தர்றேன். ஆனா இன்னிக்கு அடுப்பு உங்க வெறகுல எரியணும். நான் ஒரு சுள்ளி போட்டாலும் அது என் அடுப்பு ஆய்டும்."

வடிவேலு லட்சுமணன் நீட்டிய பணத்தைப் பார்த்தான். "ரஞ்சிதம், ரெட்டிப்பு. வாங்கிக்கினு கீழ போய்டலாம்."

"கீழ எங்க?"

"எங்கயாவது."

"அந்த எங்கயாவதுக்குத்தான் வழி தெரியாம இத்தினி நாளு அலைஞ்சேன்." ரஞ்சிதம் வண்டியிலிருந்து இறங்கினாள். "ரெட்டிப்பு குடுத்தாலும் இந்த மலையில ஒரு ரூம்பு கெடைக்குமா? இவன் வுட்டாத்தான? செங்கத்துக்குப் போனா உங்களுக்கு வேலை கீதா? பணத்தை விரிச்சி அதும்மேல படுக்கவா? எம்பொண்ணுக்கு மழையில நெஞ்சு அடைக்குது. பணமா வந்து தடவிக் குடுக்கும்?" அவள் விறகுக் கட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்பண்டை போனாள். "அண்ணி, அந்த விரிப்பை எடுத்தாங்க."

ரத்தினம்மாள் கதவின்மேல் இருந்த விரிப்பை எடுத்து வந்தாள். கதவை ரஞ்சிதம் அடுப்புக்குப் பின்னால் ஒரு கல்லில் சாய்த்து நிறுத்தினாள். அது காற்றைத் தடுத்தது. விரிப்பின் ஒரு முனையைக் கதவின் நெற்றியில் கட்டி, மறுமுனைகளை வடிவேலுவும் ரத்தினம்மாளும் பிடித்துக்கொண்டார்கள். அடியில் ரஞ்சிதமும் பாஞ்சாலியும் அடுப்பும். தீப்பெட்டி நமத்துப் போயிருந்தது. குச்சி குச்சியாகக் கிழித்து, கடைசியில் பற்றியது. பால் காய்ச்ச வேண்டும் அல்லவா, ரத்தினம்மாள் ஒரு சொம்புப் பால் விலைக்கு வாங்கி வந்திருந்தாள்.

"மாடு வெச்சிருந்தவ பால் வாங்கறேன் பாரு," என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பால் பொங்கியது. அதில் மழையும் கொஞ்சம் விழுந்தது.

பால் பொங்கிய பிறகுதான் மழை நிஜமாகவே இறங்கியது. எதிரே இருந்த மரம் தெரியவில்லை. மெழுகிய தரை சேறாகி, தூண் குழிகள் ஒவ்வொன்றும் குட்டிக் கிணறு ஆயின. வடிவேலு குனிந்து முதுகைக் காற்றுக்குக் கொடுத்து விரிப்பைப் பிடித்திருந்தான். சுற்றியிருந்த வீடுகளின் வாசலில் மலைக்காரப் பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி ஒரு கை விறகை எடுத்துக்கொண்டு பாதி வழி வந்தவள், வழக்கம் நினைவுக்கு வந்து நின்று, திரும்பிப் போய் அழுதாள். அதற்குப் பதில் பாஞ்சாலிக்கு ஒரு கம்பளியைக் கொடுத்தனுப்பினாள். கம்பளிக்குத் தடை இல்லை.

லட்சுமணன் புளியமரத்தடியில் தன் ஆட்கள் பிடித்த தார்ப்பாய்க்குக் கீழே பீடி பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அவசரம் இல்லை. மழை அவன் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தது.

கொண்டுவந்த விறகில் பாதி வண்டியிலேயே நனைந்திருந்தது. காய்ந்தது தீர்ந்தபின் நனைந்ததைப் போட்டாள். புகை மண்டியது, பாஞ்சாலி இருமினாள், இருமல் இளைப்பாயிற்று. மாடுகள் கழுத்துமணி ஆட்டிக்கொண்டு ஒவ்வொன்றாய் ஊருக்குள் திரும்பின. அர்ச்சுனன் வரவில்லை.

"கவுண்டரு எங்கய்யா?" என்று வடிவேலு கத்தினான்.

"ஓடைக்கு அந்தாண்ட சாமைக் கொல்லைக்குப் போனாரு," என்றார் மழையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த வேடியப்பன். "ஓடையில தண்ணி ஏறியிருக்கும். எறங்குனாதான் வருவாரு. வருவாரு தாயி, கண்டிப்பா வருவாரு."

ரஞ்சிதம் பற்றாத விறகை விலக்கிக் கங்குகளை ஒன்றாகக் குவித்து ஊதினாள். ஊதி ஊதிக் கண் சிவந்து நீர் வழிந்தது. கங்கு ஒரு பிடி இருந்தது. பிறகு அரைப் பிடி. வடிவேலுவின் மட்டப்பலகையைப் போட்டாள். துடைப்பத்தைப் போட்டாள். கரண்டிப் பிடியைக் கழற்றிப் போட்டாள். கங்கு உயிர் பெற்று, மறுபடி மங்கிற்று.

அவள் நிமிர்ந்தாள். எதிரே கதவு நின்றது. நாலைந்து வருஷமாய் ஒரு சொட்டு மழை படாமல் காப்பாற்றிய மரம். விரிப்பு மறைத்திருந்த இந்தப் பக்கம் இப்போதும் காய்ந்து, எண்ணெய் மின்னியது.

"பாரையை எடுங்க," என்றாள்.

வடிவேலுவுக்குப் புரிந்துவிட்டது. "வேணாம் ரஞ்சிதம். அது உங்கப்பன் வூட்டுது. உனக்குன்னு கீறது அது ஒண்ணுதான்."

"எடுங்கன்றேன்."

"லட்சுமணனண்டயே குடுத்துடலாம். கதவாவது மிஞ்சும்."

"கதவை எங்க மாட்டுவ? ஆகாசத்துலயா?" என்றாள் ரத்தினம்மாள். அவள் கன்னத்தில் ஓடியது மழையா என்று தெரியவில்லை. "குடுத்துத் தொலைடா பாரையை."

வடிவேலு அசையவில்லை. ரஞ்சிதமே எழுந்து வண்டியடியிலிருந்து பாரையை எடுத்து வந்தாள். பெண்கள் வீட்டு வாசல்களில் மூச்சு விடாமல் பார்த்தார்கள். முதல் குத்து தாமரைப்பூவுக்குக் கீழே விழுந்தது. தேக்கு லேசில் விடுமா? பாரை வழுக்கி அவள் முழங்காலைக் கிழித்தது. மறுபடி ஓங்கினாள். அவள் வாயிலிருந்து வந்த சத்தம் பாரையின் சத்தத்தைவிடப் பெரிதாய் இருந்தது. அப்பா என்றாளா, அம்மா என்றாளா, யாருக்கும் விளங்கவில்லை. மூன்றாவது ஓங்கலில் வடிவேலு தன் முனையையும், கதவில் கட்டியிருந்த முனையை அவிழ்த்து அதையும் வேடியப்பன் கையில் திணித்துவிட்டு ஓடிவந்து பாரையை வாங்கிக்கொண்டான். கட்டடக்காரன் கை. மரத்தின் ஓட்டம் பார்த்துப் பிளந்தான். ஒவ்வொரு சிம்பு பெயரும்போதும் அவன் முகம் திரும்பிக்கொண்டது. ரஞ்சிதம் சிம்புகளை முந்தானையில் வாங்கி அடுப்பில் வைத்தாள்.

பழைய தேக்கு, எண்ணெய் குடித்த மரம். பற்றியதும் தீ நிமிர்ந்து நின்றது. மழைக்கு நடுவே எலந்தம்பட்டு முழுதும் அந்த வெளிச்சம் தெரிந்தது. தார்ப்பாய்க்குக் கீழே லட்சுமணன் பீடியைக் கீழே போட்டான்.

கதவில் பாதிக்குமேல் போன பிறகுதான் அர்ச்சுனன் வந்தார். இடுப்புக்குமேல் நனைந்து, கையில் கொட்டாங்குச்சியோடு, குனிந்து விரிப்புக்குள் நுழைந்தார். கோலம் இல்லாத தரையையும், குழிகளையும், ஒண்டியிருந்த பிள்ளையையும் பார்த்தார். அடுப்பைப் பார்த்து மூச்சை இழுத்து மோந்தார்.

"இன்னா வெறகும்மா இது? வாசனையா கீது."

"எங்க வூட்டுக் கதவுங்க," என்றாள் ரஞ்சிதம்.

அர்ச்சுனன் அடுப்பின் முன் குந்தி, நல்ல கங்காக ஒன்றைப் பொறுக்கிக் கொட்டாங்குச்சியில் எடுத்து, இன்னொரு கொட்டாங்குச்சியால் மூடினார். "அடுப்பு எரியுது. ஊருக்கு ஒரு வூடு கூடிச்சி," என்று வேடியப்பனிடம், சுற்றி நின்றவர்களிடம், புளியமரத்துப் பக்கமும் திரும்பிச் சத்தமாகச் சொன்னார். வேடியப்பன் ரஞ்சிதத்தின் காலைத் தொட வந்தார், அவள் நகர்ந்துகொண்டாள். லட்சுமணனின் ஆட்கள் கழிகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

கங்கு கோயிலுக்குப் போனபின்னும் ரத்தினம்மாள் சிம்புகளை அடுப்பில் தள்ளிக்கொண்டே இருந்தாள். நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. குளிருக்கு வேறு என்ன இருந்தது? வடிவேலு சாம்பலிலிருந்து பித்தளை வளையத்தைக் குச்சியால் தள்ளி எடுத்து மழைத் தண்ணீரில் போட்டான். சொய் என்றது. பாஞ்சாலி கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டிச் சுற்றும்முற்றும் தேடினாள். தூக்கம் கண்ணைச் சொருகியது.

"யம்மா, கதவு எங்க? நான் எங்க படுக்கறது?"

ரத்தினம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தினமும் சொல்கிற அந்த வார்த்தை. பாதியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ரஞ்சிதம் சேற்றில் காலை நீட்டி உட்கார்ந்தாள். ரத்தம் காய்ந்த முழங்காலைப் புடவையால் மூடினாள். பிள்ளையைத் தூக்கிக் காலின்மேல் கிடத்தி, நெஞ்சைத் தடவினாள். உள்ளே விசில் அடித்தது.

"இங்கதான்டி, நம்ம வூட்டுல," என்றாள்.

மழை விடவில்லை.